நைட்டிங்கேல் அம்மையாரும் செவிலியர் அறமும்

மருத்துவம் என்பது மருத்துவர் ஒருவரால் மட்டும் முடிவதன்று. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனை அளித்துப் பேணுபவர் என நான்கு கூறுகளை உடையது அஃது என்பதைத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் விளக்குகின்றது. நான்காவதாக வைத்து எண்ணப்பட்ட அவரையே இந்நாளில் செவிலியர் என்கின்றோம். அகப்பொருள் நூல்களில் தலைவியை வளர்த்த தாய்க்கு உரியதாயிருந்த அப்பெயர், நோயாளரைப் பேணுவார்க்கு வந்து பொருந்தியது தகுதியே. இத்தொழிலுக்குரிய அறம் யாது? அவ்வறத்தைக் காக்க வல்லது உள்ளமோ, சட்டமோ? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவர்தம் வரலாற்றை இந்நோக்குடன் சிறிது ஆராய்வோம்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே திங்கள் 12-ஆம் நாள், இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்திற் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவர்க்குப் பெயராயிற்று. தந்தையார் கிரேக்கம், இலத்தீன், வரலாறு முதலியவற்றைத் தாமே கற்பித்தார். 1837-இல், தம் பதினாறாம் வயதில், இறைவன் தம்மை ஊழியத்திற்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். ஆயினும் அக்காலத்தில் மருத்துவச்சாலைத் தாதியர் குடிப்பழக்கமும் கல்லாமையும் உடையவர் என்ற இழிபெயர் பெற்றிருந்தமையின், வீட்டார் பல்லாண்டு தடுத்தனர். 1851-இல் ஜெர்மனி நாட்டுக் கெய்சர்ஸ்வெர்த் என்னும் ஊரில், இறைபணி பூண்ட மகளிர் நடத்திய மருத்துவச்சாலையில் ஏறத்தாழ மூன்று திங்கள் பயிற்சி பெற்றார்.

1853-இல் இலண்டன் மாநகரில், நோயுற்ற மகளிர்க்கென அமைந்த ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் தலைமை அவரை நாடி வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராதவரை அங்கே சேர்த்தலாகாது என்பது ஆட்சிக் குழுவினர் கருத்து. கத்தோலிக்கரையும் யூதரையும் பிறரையும் ஏற்காவிடின் அப்பதவி தமக்கு வேண்டா என்று அம்மையார் உறுதியாக நின்று வென்றார். நோயாளியை நோயாளியாக மட்டுமே காண்பது செவிலியர்க்கு முதல் அறம் என்பதை அவர் சொல்லால் அன்றிச் செயலால் நிலைநாட்டினார்.

கிரிமியப் போர் மூண்டதும், 1854-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், 38 தாதியருடன் புறப்பட்டு, நவம்பர் 4-ஆம் நாள் துருக்கி நாட்டு ஸ்கூட்டாரி மருத்துவச்சாலையை அடைந்தார். படை மருத்துவர் பலர் அவரை விரும்பி வரவேற்றிலர். மருத்துவர் வேண்டினாலன்றித் தாதியர் எவரும் நோயாளரைத் தீண்டலாகாது என அம்மையார் கட்டளையிட்டார். புண்பட்டோர் அருகே கிடக்க, தாதியர் கட்டுத்துணி தைத்துக்கொண்டு காத்திருந்தனர். இஃது இரக்கமின்மை போலத் தோன்றலாம். ஆனால் பொறுப்பு இன்னார்க்கு உரியது என்னும் வரம்பு கலைந்தால், அதன் கேடு நோயாளரையே சாரும் என்பதை அவர் அறிந்திருந்தார். சில நாட்களுள் புண்பட்டோர் பெருந்தொகையினராய் வந்து குவிய, மருத்துவர் தாமே தாதியரை அழைத்தனர். இரவில் விளக்கேந்தி நோயாளரிடையே உலவிய அம்மையாரை உலகம் அறியும். விளக்கேந்தும் முன் அவர் காத்திருந்த அப்பொறுமையை அறிந்தார் சிலரே.

1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஸ்கூட்டாரியில் மருத்துவம் பெற்றவருள் 100-க்கு 40 பேருக்கு மேல் மாண்டனர். மார்ச்சுத் திங்களில் வந்த சுகாதாரக் குழுவினர் கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்திற்கும் வழிசெய்தனர். சாவு விரைந்து குறைந்தது. நாடு திரும்பிய அம்மையார், வில்லியம் பார் என்னும் புள்ளியியல் அறிஞரின் துணையுடன் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். புண்ணால் மாண்டவரினும், தடுத்திருக்கக்கூடிய நோயால் மாண்டவரே மிகப் பலர் என்று கண்டு, 1858-இல் வண்ணப் படங்களால் விளக்கி வெளியிட்டார். தாம் பணிபுரிந்த மருத்துவச்சாலைக்கு அக்கணக்கில் அவர் விலக்களிக்கவில்லை. நாடெங்கும் புகழ்ந்து போற்றிய வேளையில் அவர் வாய் மூடி இருந்திருக்கலாம். மாண்டவர்க்கு இனிச் செய்யத்தக்க தொண்டு உண்மையை உரைப்பதே எனத் தேர்ந்தார். நோயாளர் குறிப்பேட்டில் நேர்ந்த பிழையை மறைக்க விழையும் கைகளுக்கு இதனினும் சிறந்த பாடம் உண்டோ?

1859-இல் அவர் எழுதிய செவிலியம் பற்றிய நூல், இத்தொழிலின் நுண்ணிய கடமைகளை வகுத்துரைக்கின்றது. நோயாளியின் செய்தியை அறியும் உரிமை இல்லாதார்க்கு அதனை வெளியிடலாகாது. பொய்யான நம்பிக்கை மொழிகளால் அவரை வருத்தலாகாது. தாம் அருகில் இல்லாத பொழுதும் செய்யவேண்டியவை தவறாது நடைபெற ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவச்சாலையில் அவர்தம் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அங்கே மாணவியரின் கைத்திறன் மட்டுமன்றி வாய்மை, நேரந்தவறாமை, தூய்மை முதலிய பண்புகளும் பதிவு செய்யப்பட்டன. இந்தியாவைக் கண்ணாற் காணாதவராயினும், இந்நாட்டின் சுகாதாரத்தைப் பற்றி நெடுங்காலம் உழைத்தார். சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவுடன் கடிதத் தொடர்பும் கொண்டிருந்தார்.

இனி, அம்மையார் வாழ்விற் பலர் அறியாத ஒரு வழக்கைக் கூறுவோம். 1887-இல் பெட்போர்டு பென்விக் அம்மையார் முதலியோர் பிரிட்டிஷ் செவிலியர் சங்கம் கண்டு, தேர்ச்சி பெற்றாரின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என முயன்றனர். அதனை எதிர்த்தவருள் தலையாயவர் நைட்டிங்கேல் அம்மையாரே! தேர்வு அறிவை அளக்கும், குணத்தை அளவாது. ஒருமுறை பதிவேறிய பெயர், அவர் என்றும் நல்லவராயிருப்பார் என்பதற்குச் சான்றாகாது என்பது அவர் வாதம். எனினும் காலம் மற்றவர் பக்கமே சாய்ந்தது. நியூசிலாந்து 1901-இலும், இங்கிலாந்து 1919-இலும் செவிலியர் பதிவுச் சட்டம் இயற்றின. நம் சென்னை மாகாணத்தில் 1926-இல் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பிறந்தது. 1947-இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டமும், 2023-இல் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டமும் தொடர்ந்தன.

இவ்வழக்கில் யாம் யார் பக்கம் நிற்பது? பெரம்பலூரை அடுத்த எம் சிறுவாச்சூரை எண்ணிப் பார்க்கின்றோம். மதுரகாளியம்மன் கோயிலாற் புகழ்பெற்ற அவ்வூரில், இப்பொழுது மருத்துவக் கல்லூரியும் மருத்துவச்சாலையும் உள்ளன. நெடுஞ்சாலையில் அடிபட்டு உணர்விழந்து கொணரப்படும் ஒருவர், தமக்கு ஊசியிடுவாரின் குணத்தை ஆராய்ந்து தேர்ந்துகொள்ள இயலுமோ? எழுத்தறியாத உழவர் மனைவி, தன் குழந்தைக்கு அளிக்கும் மருந்தின் அளவு சரியோ என்று வினவ வல்லளோ? வினவ இயலாதார் பொருட்டு முன்னமே வினவி வைப்பது சட்டம். தகுதியற்றாரை வாயிலில் தடுப்பதும், தவறினாரைப் பதிவேட்டினின்று நீக்குவதும், தீங்குற்றார்க்கு ஈடு பெறுவிப்பதும் அதனால் இயலும். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவப் பணியும் நுகர்வோர் சட்டத்துள் அடங்கும் என 1995-இல் நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல், மருத்துவப் பணியாளரைக் குற்றவாளியாக்கக் கவனக்குறைவு மிகக் கொடியதாயிருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தது. முன்னது நோயாளர்க்கு அரண். பின்னது நேர்மையாளர்க்கு அரண். ஆதலின் பதிவேடு வேண்டாதது என்னும் அம்மையார் முடிவை யாம் ஏற்றிலோம்.

ஆயினும் அவர் அச்சம் பொய்யன்று. நள்ளிரவில், விடுதி முழுதும் உறங்கும் வேளையில், மருந்துப் புட்டியின் பெயரை மீண்டும் ஒருமுறை படிக்கச் செய்யும் சட்டம் எங்குமில்லை. மருத்துவர் எழுதிய அளவில் ஐயம் தோன்றின் அஞ்சாது கேட்கச் செய்வதும், கொடுக்க மறந்த மருந்தைக் கொடுத்ததாக எழுதாதிருக்கச் செய்வதும் உள்ளமே. சட்டம் தீங்கு நேர்ந்தபின் வந்து வினவும். அறம் நேருமுன் கையைப் பிடிக்கும். இரண்டும் கூடிய இடத்திலேயே நோயாளி அச்சமின்றிக் கண்ணுறங்குவார்.

அம்மையார் 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில், இறைவனடி சேர்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டர்ப் பேராலயத்தில் அடக்கம் செய்யும் சிறப்பை உறவினர் ஏலாது, சிற்றூர்த் திருக்கோயில் ஒன்றின் புறத்தே அடக்கினர். அவர்க்கெனக் கல்லறையிற் பொறித்தவை பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும், பிறந்ததும் இறந்ததுமான நாட்களுமே. பதிவேட்டில் ஏறும் பெயரினும் படுக்கையருகே ஆற்றும் பணியே பெரிதென்று வாழ்ந்தவர்க்கு அஃது ஏற்றதே. நம் கல்லூரி நண்பருள்ளும், அவர்தம் உடன்பிறந்தாருள்ளும் செவிலியப் பணியை மேற்கொள்வார் பலராதல் கூடும். அன்னார் சட்டத்தைக் கற்றுணர்க. அதனோடு நில்லாது, எவரும் காணாத வேளையிலும் அம்மையாரின் விளக்கைத் தம் உள்ளத்தில் ஏந்துக!