15 ஆண்டு, ஒரு மேட்ச்கூட மிஸ் இல்லை! கோப்பைக்கே பெயர் தந்த கோல்கீப்பர்: யார் இந்த ஜார்ஜ் வெசினா?

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். தொடரில், சிறந்த கோல்கீப்பருக்கு ஒவ்வொரு சீசனும் 'வெசினா டிராபி' தரப்படுகிறது. பெயர் பிரபலம். ஆனா, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார்?

ஷூ போட்டு ஆடிய பையன்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள ஷிகூட்டிமி என்ற ஊரில் 1887 ஜனவரி 21-ல் பிறந்தவர் ஜார்ஜ் வெசினா. சின்ன வயதில் ஸ்கேட்ஸ் கிடையாது. சாதாரண ஷூவோடுதான் கோல் காத்தார். ஸ்கேட்டிங் பழகியதே வாலிப வயதில்தான்.

1910 பிப்ரவரியில் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணி இவர் ஊருக்கு காட்சிப் போட்டி ஆட வந்து, உள்ளூர் அணியிடம் தோற்றது. காரணம், கோலில் நின்ற வெசினா. விடுவார்களா? அதே ஆண்டு டிசம்பர் 31-ல் கனேடியன்ஸ் அணிக்காகவே களமிறங்கினார்.

விழுந்தால் தண்டனை

அப்போது கோல்கீப்பருக்கு முகக்கவசம் இல்லை. 'பக்' எனப்படும் ரப்பர் வட்டைத் தடுக்க பனித்தரையில் விழவும் கூடாது. நின்றபடியேதான் தடுக்கணும். 1918 ஜனவரியில்தான் அந்த விதி மாறியது. அடுத்த மாதமே டொரண்டோவுக்கு எதிராக ஒரு கோல்கூட விடாமல் ஆடினார் வெசினா. என்.எச்.எல். வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

எவ்வளவு நெருக்கடி வந்தாலும் பதற மாட்டார். அதனால் 'ஷிகூட்டிமி வெள்ளரிக்காய்' என்று பட்டப்பெயர். 1916, 1924 ஆகிய ஆண்டுகளில் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோதும் கோலில் இவர்தான்.

அமைதியான இவரைச் சுற்றி கதைகளும் கிளம்பின. இவருக்கு 22 பிள்ளைகள் என்று அணி மேலாளர் கிளப்பிவிட்டதை பலரும் நம்பினர். உண்மையில் வீட்டில் இருந்தது 2 மகன்கள்தான்.

கடைசி ஆட்டம்

1925 நவம்பர் 28, பிட்ஸ்பர்க் அணியுடன் போட்டி. கடும் காய்ச்சல். ஆனாலும் ஓய்வு கேட்கவில்லை, இறங்கி ஆடினார். பாதியிலேயே சுருண்டு விழுந்தார். பரிசோதனையில் தெரியவந்தது காசநோய். அதற்கு அன்று சரியான மருந்தே கிடையாது.

லீக் போட்டிகள் 328, பிளேஆஃப் 39 என இடைவிடாமல் ஆடியவரின் பயணம் அங்கே நின்றது. 1926 மார்ச் 27-ல் சொந்த ஊரில் காலமானார். வயது 39.

பெயர் மட்டும் நின்றது

அவர் நினைவாக கனேடியன்ஸ் உரிமையாளர்கள் கோப்பை ஒன்றை வழங்கினார்கள். 1926-27 சீசனில் அதை முதலில் வென்றவர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த். கனேடியன்ஸ் அணியில் வெசினா நின்ற அதே இடத்துக்கு வந்தவர்!

கோல் அடித்தவர்களைக் கொண்டாடும் ஆட்டத்தில், தினமும் வந்து கோலில் நின்றவரை மறப்பது சுலபம். வெசினா செய்தது அதைத்தான்: உடம்பு முடியாத நாளிலும் வந்து நின்றார். ஒவ்வொரு சீசனும் அந்தக் கோப்பை கைமாறும்போது உச்சரிக்கப்படுவது, அந்த மனிதரின் பெயர்தான்.