பிள்ளைகளை எழுத்தாளர்களாக்கிய தமிழவேள்

சிறுவர் கதை என்றால் பெரியவர்கள் எழுத, பிள்ளைகள் படிப்பதுதான் வழக்கம். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பிள்ளைகளையும் எழுத வைத்து, அதை அச்சிலும் ஏற்றியவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

1903ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்த அவர், 1924இல் சிங்கப்பூருக்கு வந்தார். கணக்கர் வேலை பார்த்துக்கொண்டே பொதுத்தொண்டில் இறங்கினார். பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகளில் பற்றுக்கொண்டு, தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 1935இல் ஒரு காசு விலையில் 'தமிழ் முரசு' வார இதழைத் தொடங்கினார். பின்னர் நாளிதழாக வளர்ந்த முரசு, சிங்கப்பூரில் அச்சானாலும் மலாயாவின் பட்டணங்களிலும் தோட்டங்களிலும் படிக்கப்பட்டது.

அந்நாளில் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை தோட்டப்புறங்களில்தான் இருந்தன. தமிழ்க் கல்வி தொடக்கப்பள்ளியோடு முடிந்துவிடும். பள்ளியை விட்டு வெளியேறிய பிள்ளைக்குத் தமிழில் எழுத ஒரு காரணமும் இருக்காது. எழுதப் பழகாத தலைமுறையிடம் மொழி எத்தனை நாளைக்கு நிற்கும்?

இந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தது, 1950களின் தொடக்கத்தில் முரசில் தோன்றிய 'மாணவர் மணிமன்றம்'. மாணவர்கள் எழுதி அனுப்பிய கதைகளும் கவிதைகளும் கட்டுரைகளும் அதில் வெளிவந்தன. தன் வயதுப் பிள்ளை ஒன்றின் பெயரை நாளிதழில் கண்ட மாணவனுக்கு, தானும் எழுதலாம் என்ற துணிவு பிறந்தது. படிப்பவர்களும் எழுதுபவர்களும் பிள்ளைகளே. பெரியவர்களின் வேலை தேர்ந்தெடுப்பதும் திருத்துவதும் ஊக்குவிப்பதும்தான். சிங்கப்பூர், மலேசிய எழுத்தாளர்கள் பலருக்கு அதுவே முதல் மேடை.

மணிமன்றம் தாளோடு நின்றுவிடவில்லை. ஊர்களில் மன்றங்கள் அமைந்தன. பிள்ளைகள் மேடையேறிப் பேசினார்கள். நம் நாட்டில் தமிழ் இளைஞர் மணிமன்றம் தோன்றியதும் அந்த வேரிலிருந்துதான்.

பிள்ளைகளுக்குப் பள்ளியோடு தமிழ் முடிந்துவிடக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்காகக் கூலித் தொழிலாளர்களும் காசு கொடுத்தார்கள். 1956இல் அமைந்த அத்துறை, பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்ததும், தமிழர்களைக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளத் தூண்டியதும் அவர் செய்த மற்ற பெரும்பணிகள். 1974 மார்ச் 16ஆம் தேதி அவர் மறைந்தார்.

செராஸிலும் கிள்ளானிலும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கதைநூல் உருவாக்க நினைக்கும் தமிழாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் அவர் வாழ்க்கையில் ஒரு வழி இருக்கிறது. எழுது என்று சொன்னால் மட்டும் பிள்ளை எழுதிவிடாது. எழுதியது அச்சில் வரவேண்டும், அதற்குக் கீழே அதன் பெயர் இருக்கவேண்டும், அதைப் படிக்க இன்னொரு பிள்ளை காத்திருக்கவேண்டும். சாரங்கபாணி இந்த மூன்றுக்கும் வழி செய்தார்.