குரோமோசோம்களை எண்ணிய ஜானகி அம்மாள்

ஒரு சிற்றினத்திலிருந்து இன்னொன்று பிரியப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும் என்று தாவரவியல் வகுப்பில் படித்தோம். இயற்கைக்கு வேறு குறுக்குவழியே கிடையாதா என்று தேடியபோதுதான் ஜானகி அம்மாளின் வாழ்க்கை எனக்கு அறிமுகமாயிற்று.

1897-ல் தலச்சேரியில் பிறந்த இவர், பெண்கள் கல்லூரிப் படியேறுவதே அரிதாயிருந்த காலத்தில் சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1931-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1934-ல் கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். இந்தியக் கரும்பை இனிக்கச் செய்தவர் இவரே என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. பார்பரும் வெங்கடராமனும் உருவாக்கிய கோ 205 இவர் வருமுன்பே வயலுக்கு வந்துவிட்டது. இவருடைய பெருமை வேறு. கரும்பை மக்காச்சோளத்தோடு கூடக் கலந்து பார்த்த துணிவு அது!

இத்தகைய தூரத்து உறவில் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகும். ஏன்? தாய்வழிக் குரோமோசோமுக்குத் தந்தைவழியில் ஜோடி கிடைப்பதில்லை. மகரந்தம் சரிவர உருவாவதில்லை. நம் அரக்கோணம் சந்திப்பில் ஒரு காலத்தில் அகலப் பாதையும் செங்கற்பட்டு மீட்டர் பாதையும் அருகருகே கிடந்தும் ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாததைப் பெரியவர்கள் அறிவர். ஏறக்குறைய அத்தகைய தடையே இது. ஆனால் அந்தச் செடியின் குரோமோசோம்கள் அனைத்தும் இரட்டித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி உண்டு. மலட்டுச் செடி காய்க்கிறது. அதைப் பெற்றோர் இனத்தோடு மீண்டும் கலந்தாலோ, மூன்று தொகுதிகள் சேர்ந்து மலடே பிறக்கிறது. ஆக, ஓரிரு தலைமுறையிலேயே புதிய சிற்றினம் தனித்து நின்றுவிடுகிறது.

போர்க்காலத்தில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிலையத்தில் பணியாற்றி, டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945-ல் நூலாக வெளியிட்டார். பின்னர் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளின் குருத்தில் கால்சிசின் மருந்தை இட்டுக் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தார். ஒரு மக்னோலியா வகை இவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1951-ல் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பினார். இமயத்தின் வறண்ட வடமேற்கைவிட ஈரம் மிகுந்த வடகிழக்கில் புதிய தாவர இனங்கள் விரைந்து தோன்றியதற்கு இந்த இரட்டிப்பே காரணம் என்பது இவர் கருத்து.

இறுதிக்காலத்தில், நமக்கு அதிகத் தூரமில்லாத மதுரவாயலில் ஆய்வைத் தொடர்ந்தார். கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கை அணைநீரில் மூழ்கடிக்கும் திட்டம் எழுந்தபோது எண்பது வயதைத் தாண்டியும் அதனை எதிர்த்தார்; அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்க முனைந்தார். 1984 பிப்ரவரி 7 அன்று மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.