ரோமாபுரியின் தண்ணீர்க் கணக்கர்: ஃப்ரான்டினஸ்

குளிர்நாடுகளில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்த மூலை தெரிந்திருக்கும். நிலவறையில், தெருவிலிருந்து வரும் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பித்தளை வால்வு இருக்கும். ஆண்டுக்கணக்கில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஒரு பனிக்கால இரவில் குழாய் வெடித்து வீடெல்லாம் தண்ணீர் ஓடும்போதுதான் அதன் நினைவு வரும். ஓடிப்போய்த் திருகினால் இறுகிப்போய் அசைய மறுக்கும். அதை மாற்றவேண்டுமானால் முதலில் தெருவிலுள்ள வால்வை மூடவேண்டும். அதற்கு நகராட்சியிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஊரின் தண்ணீர் முடிந்து வீட்டின் தண்ணீர் தொடங்குகிற எல்லைக்கல் அந்தச் சின்ன வால்வு.

அந்த எல்லையில் யார் காவல் நிற்பது, எவ்வளவு தண்ணீர் உள்ளே போகலாம், எப்போது அதை நிறுத்தலாம், நிறுத்தினால் எத்தனை நாளுக்குள் திறக்கவேண்டும் என்பதையெல்லாம் ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கெடுத்து எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. செக்ஸ்டஸ் ஜூலியஸ் ஃப்ரான்டினஸ் என்பது அவர் பெயர். அவர் குழாய்த் தொழில் கற்றவர் அல்லர். போர்த்தளபதி.

வாளும் ஏடும்

ஃப்ரான்டினஸின் இளமையைப் பற்றி வரலாறு பேசுவதில்லை. கி.பி. 70ஆம் ஆண்டு தொடங்கும்போது ரோம் நகரத்தின் பிரேட்டர் பதவியில் அவரைச் சந்திக்கிறோம். நீரோ மன்னன் மாண்டு, உள்நாட்டுப் போர் ஓய்ந்து, வெஸ்பேசியன் அரியணை ஏறியிருந்த நேரம் அது. புத்தாண்டு நாளில் செனட் சபையைக் கூட்டியவர் ஃப்ரான்டினஸ். சில நாட்களிலேயே வெஸ்பேசியனின் இளைய மகன் டொமீஷியனுக்காகப் பதவியை விட்டு விலகினார். அதே ஆண்டு, இன்றைய பிரான்ஸ் நாட்டுப் பகுதியில் கலகம் செய்த லிங்கோனெஸ் குடியினர் 70,000 பேர் ஆயுதங்களோடு அவரிடம் சரணடைந்தார்கள். அவர்களுடைய நகரம் சூறையாடப்படாமல் விடப்பட்டதே அதற்குக் காரணம் என்று அவர் பின்னாளில் எழுதினார்.

கி.பி. 74 அளவில் பிரிட்டனுக்கு ஆளுநராகப் போனார். தென் வேல்ஸ் மலைகளில் ரோமானியருக்கு அடங்காமல் இருந்த சிலூரெஸ் குடியினரை வென்றார். கார்லியனில் இன்றும் காணக்கிடைக்கும் படைக்கோட்டை அவர் காலத்தில் எழுந்தது. அவருக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த அக்ரிக்கோலாவின் புகழ், மருமகன் டாசிட்டஸ் எழுதிய வரலாற்றால் உலகெங்கும் பரவியது. ஃப்ரான்டினஸுக்கு அப்படி ஒரு மருமகன் வாய்க்கவில்லை.

பின்னர் ஆசிய மாகாணத்தின் ஆளுநரானார். துருக்கியின் பாமுக்கலேயை அடுத்த ஹியராபொலிஸ் இடிபாடுகளில் அவர் பெயர் தாங்கிய வாயில் இன்னும் நிற்கிறது. டொமீஷியனின் ஆட்சிக் காலத்தில் போர்த் தந்திரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நில அளவையைப் பற்றியும் எழுதினார். அளப்பது, எண்ணுவது, வகைப்படுத்துவது ஆகியவற்றில் அவருக்கு இயல்பாகவே நாட்டம் இருந்திருக்கவேண்டும். அந்த நாட்டத்துக்கு உரிய வேலை முதுமையில்தான் வந்து சேர்ந்தது.

ஒன்பது கால்வாய்களும் ஒரு பேரேடும்

கி.பி. 96ல் டொமீஷியன் கொல்லப்பட்டு நெர்வா மன்னரானார். மறு ஆண்டே ஃப்ரான்டினஸை நகரின் தண்ணீர் அதிகாரியாக நியமித்தார். கௌரவமான பதவிதான். ஆனால் முன்பு இருந்தவர்களில் பலர் பெயருக்கு அதிகாரியாக இருந்துவிட்டு, வேலையைக் கீழுள்ளவர்களிடம் விட்டுவிட்டார்கள். ஃப்ரான்டினஸ் அதை இழிவாகக் கருதினார். தன் வேலையைத் தன் உதவியாளர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்கிற அதிகாரியைப் போல வெட்கக்கேடு வேறில்லை என்பது அவர் எண்ணம். ஆகவே தனக்காகவே ஒரு கையேடு எழுதத் தொடங்கினார். அதுதான் ரோம் நகரத்தின் நீர்க்கால்வாய்களைப் பற்றிய அவருடைய நூல்.

அப்போது ரோமுக்கு ஒன்பது நெடுங்கால்வாய்கள் தண்ணீர் கொண்டுவந்தன. மிகப் பழையது கி.மு. 312ல் வெட்டிய அப்பியா. கடைசி இரண்டும் கி.பி. 52ல் முடிந்த கிளாடியாவும் புதிய அனியோவும். மார்சியா என்னும் கால்வாய் மட்டும் ஏறத்தாழ 91 கிலோமீட்டர் நீளம். அவர் ஒவ்வொன்றின் ஊற்றுக்கண் வரை போய்ப் பார்த்தார். எங்கே பள்ளத்தாக்கைக் கடக்கிறது, எங்கே மலையைக் குடைந்து போகிறது, எங்கே அடிக்கடி பழுதாகிறது என்று வரைபடம் தயாரித்துக்கொண்டார்.

பிறகு பேரேட்டைத் திறந்தார். அரசாங்கக் கணக்கின்படி ரோமுக்குக் கிடைக்கும் தண்ணீர் 12,755 க்வினாரியா. ஆனால் விநியோகித்ததாக எழுதியிருந்ததோ 14,018. வரவை விடச் செலவு அதிகம்! கால்வாய்களின் தலைப்பில் அவரே அளந்து பார்த்தார். பேரேட்டில் உள்ளதை விடச் சுமார் 10,000 க்வினாரியா கூடுதலாக வந்துகொண்டிருந்தது. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று?

வெண்கல வாய்

இதைப் புரிந்துகொள்ள, ரோமானிய வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும். சாதாரண மக்கள் தெருமுனைத் தொட்டிகளில் பிடித்துக்கொண்டார்கள். அவர் காலத்தில் நகரில் 591 தொட்டிகள் இருந்தன. வீட்டுக்குள் குழாய் வேண்டுமென்றால் மன்னரின் கடிதம் பெற்று வரவேண்டும். அதன்பிறகு விநியோகத் தொட்டியின் சுவரில் காலிக்ஸ் என்னும் வெண்கலக் குழாய்த்துண்டைப் பதிப்பார்கள். அதன் நீளம் 12 விரற்கடை, இன்றைய அளவில் 22 சென்டிமீட்டர். ஈயக்குழாயை வளைக்கலாம், தட்டி அகலமாக்கலாம். வெண்கலத்தை அப்படிச் செய்யமுடியாது. அதனால்தான் அது வெண்கலம். அளவைச் சரிபார்த்து அதன்மேல் முத்திரை குத்துவார்கள். அங்கிருந்து 50 அடி தூரம் வரை குழாயும் அதே அகலத்தில்தான் போகவேண்டும் என்பது செனட் தீர்மானம். வீட்டுக்குள் அடைத்துத் திறக்கச் சுழல் வால்வுகள் இருந்தன. கி.பி. 79ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி வீடுகளில் அவை கிடைத்திருக்கின்றன. துளையிட்ட வெண்கல முளையைக் கால்வட்டம் திருப்பினால் தண்ணீர் நிற்கும். இன்று நம் வீடுகளில் புதிதாகப் போடும் வால்வும் அதே கால்வட்டத்தில்தான் திரும்புகிறது.

திருட்டு இந்த வெண்கல வாயில்தான் நடந்தது. முத்திரை இல்லாத காலிக்ஸ்கள். முத்திரை இருந்தும் அனுமதித்ததை விடப் பெரிய காலிக்ஸ்கள். வேண்டியவருக்குத் தாழ்வாகவும் வேண்டாதவருக்கு உயரமாகவும் பதித்தவை. தாழ்ந்த வாய் கூடுதலாக இழுக்கும் என்பது வேலையாட்களுக்குத் தெரியும். சில இடங்களில் காலிக்ஸே இல்லாமல் வெறும் குழாய்.

இன்னொரு தந்திரமும் உண்டு. தண்ணீர் உரிமை ஆளுக்குத்தானே தவிர வீட்டுக்கு அல்ல. வீடு கைமாறினால், வாங்கியவருக்கோ வாரிசுக்கோ அது போகாது, புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். புதியவருக்குப் புதுத் துளை போடுவார்கள். பழைய துளையை அடைக்காமல் விட்டு, அதன் தண்ணீரை வேலையாட்கள் விற்றுக்கொள்வார்கள். தெருக்களின் அடியில் போகும் குழாய்களை அங்கங்கே துளையிட்டுக் கடைகளுக்குத் தண்ணீர் கொடுக்கவே ஓர் ஆள் இருந்தான். ஃப்ரான்டினஸ் அந்தத் திருட்டுக் கிளைகளைப் பிடுங்கி எடுக்கச் செய்தார். குவிந்த ஈயத்தின் அளவைப் பார்த்தபோதுதான் களவின் அளவு தனக்குப் புரிந்தது என்கிறார். கடைமடைக்குத் தண்ணீர் வராததன் காரணம் வானத்தில் இல்லை, பாதாளத்தில் இருந்தது.

அவர் கீழ் 700 அடிமைகள் வேலை செய்தார்கள். 240 பேர் அரசுக்கு உரியவர்கள், 460 பேர் மன்னருக்கு. மேற்பார்வையாளர்கள் இவர்களைத் தனியார் வேலைகளுக்கு அனுப்பிக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளை யார் என்ன செய்யவேண்டும் என்பதை முந்தைய நாளே எழுதிவைக்கவும், அன்றன்று செய்ததைப் பதிவு செய்யவும் ஃப்ரான்டினஸ் ஏற்பாடு செய்தார். தண்ணீர் வரியாக வந்த 250,000 செஸ்டர்ஸ் பணத்தை டொமீஷியன் தன் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அதை நெர்வா மக்களுக்கே திருப்பிவிட்டதையும் ஃப்ரான்டினஸ் மறக்காமல் குறித்துவைத்தார்.

மூடுவதற்கும் ஒரு முறை

திருட்டைப் பிடித்ததை விட என்னை அதிகம் ஈர்ப்பது, தண்ணீரை நிறுத்துவதைப் பற்றி அவர் எழுதியிருப்பதுதான். முன்பு ஓர் உரிமை முடிந்ததும் உடனே இணைப்பைத் துண்டித்து, இடைக்காலத்தில் அந்தத் தண்ணீரை வேறு யாருக்காவது விற்றார்கள். இனி 30 நாள் அவகாசம் கொடுக்கவேண்டும் என்பது மன்னரின் முடிவு. அதுவே மனிதத்தன்மை என்கிறார் ஃப்ரான்டினஸ்.

பழுதுபார்ப்பதற்கும் அப்படியே. தண்ணீரை நிறுத்தித்தான் செய்யவேண்டிய வேலையைக் கோடையில் தொடாதே. வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ செய். வேண்டிய பொருள்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு, பிறகு நிறுத்து. எவ்வளவு குறைந்த நாளில் முடியுமோ அவ்வளவில் முடி. ஒரு நேரத்தில் ஒரு கால்வாய்தான். பெரும்பாலான தெருத்தொட்டிகளுக்கு இரண்டு வெவ்வேறு கால்வாய்களிலிருந்து இரண்டு குழாய்களை இணைக்கச் செய்தார்கள். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். மன்னர் கடிதம் பெறமுடியாத ஏழை வெறும் குடத்தோடு திரும்பவேண்டியதில்லை.

ஒரு நியாயத்துக்காக இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் குழாய் வாயின் பரப்பை மட்டுமே அளந்தார். வேகமாக ஓடும் தண்ணீர் அதே வாயில் கூடுதலாக வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கும் வழிதான் அந்தக் காலத்தில் இல்லை. ஆகவே காணாமல்போன தண்ணீரில் ஒரு பகுதி களவு அல்ல, கணக்குப் பிழை என்றே இன்றைய பொறியாளர்கள் கருதுகிறார்கள். அதையும் சேர்த்து அந்த அடிமைகளின் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். தங்கள் தரப்பை எழுதிவைக்க அவர்களிடம் ஏடு இருக்கவில்லை. ஆனால் தோண்டியெடுத்த ஈயம் பொய் சொல்லாது.

கல்லறை இல்லாத நினைவு

நெர்வாவுக்குப் பின் வந்த ட்ராஜன் மன்னரோடு கி.பி. 100ல் மூன்றாம் முறையாகக் கான்சல் பதவி வகித்தார். எகிப்தின் பிரமிடுகளையும் கிரேக்கரின் புகழ்பெற்ற கட்டடங்களையும் விடத் தன் கால்வாய்களை உயர்வாக மதித்தவர் அவர். அவை சும்மா நிற்கின்றன, இவை வேலை செய்கின்றன என்பது அவர் வாதம். கி.பி. 103 அளவில் காலமானார். தனக்கு நினைவுச்சின்னம் எழுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். வாழ்ந்த வாழ்க்கைக்குத் தகுதி இருந்தால் நினைவு தானே நிற்கும் என்று நம்பினார். அந்த அடக்கமே ஒருவகைப் பெருமையடிப்பு அல்லவா என்று இளைய பிளினி தன் நண்பர் ஒருவரோடு கடிதத்தில் விவாதித்திருக்கிறார்.

அந்த நினைவு கிட்டத்தட்ட அழிந்தே போயிருக்கும். மொண்டே கசீனோ மடத்தில் ஒரு துறவி 12ஆம் நூற்றாண்டில் படியெடுத்த சுவடியை 1429ல் போஜ்ஜோ என்னும் அறிஞர் கண்டெடுத்தார். தண்ணீர் அளக்கும் வெஞ்சூரி மானியை உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர் கிளெமன்ஸ் ஹெர்ஷெல், 1899ல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஃப்ரான்டினஸால் அளக்கமுடியாத வேகத்தை அளக்கக் கருவி செய்தவரே அவர் நூலைத் தேடிப் போனது பொருத்தம்தான். 1944ல் குண்டுவீச்சில் அந்த மடம் தரைமட்டமானது. சுவடிகளை அதற்கு முன்பே ரோமுக்குக் கொண்டுபோயிருந்ததால் அந்த ஏடு பிழைத்தது.

நிலவறை வால்வை மாற்ற வரும் தொழிலாளி, தெரு வால்வை மூடும் முன் புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்; வீட்டாரிடம் இரண்டு வாளி பிடித்து வைக்கச் சொல்கிறார். ஃப்ரான்டினஸின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். கேள்விப்படவேண்டிய அவசியமும் இல்லை.