கொடைமடமும் அழகப்பச் செட்டியாரும்

பண்டைத் தமிழர் ஈகையை வகைப்படுத்தி ஆராய்ந்து, அதன் ஒரு வகைக்குக் கொடைமடம் எனப் பெயரிட்டனர். மடம் என்பது அறியாமை. பெறுவோனது தேவையையும் தன்னிடத்துள்ள இருப்பையும் அளந்து பாராது கொடுத்து விடுதலே கொடைக்கண் அறியாமையாம். கொழுகொம்பின்றி வாடிய முல்லைக்குத் தேரை விடுத்து நடந்து சென்ற பாரியும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவர். அறியாமையென்னும் குற்றத்தையும் கொடையோடு சேர்த்தவிடத்துப் புகழாக்கி விட்டது நம் மொழி. ஆயினும் வகுப்பில் இப்பகுதியைப் பயிலுந்தோறும் எமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. தேர் பெற்ற முல்லை அதன்பின் என்னவாயிற்று? அடுத்த கோடையில் அதற்கு நீர் வார்த்தவர் யாவர்? இவ்வையத்தை உட்கொண்டு, நம் தந்தையர், பாட்டனார் காலத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு வள்ளலின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இராம. அழகப்பச் செட்டியார் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், காரைக்குடியை அடுத்த கோட்டையூரிற் பிறந்தார். செட்டிநாடு மழை குறைந்த செம்மண் நிலம். அந்நாட்டு வணிகர் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்குக் கடல் கடந்து சென்று பொருளீட்டி, வானளாவிய மாளிகைகளை ஊரிலே கட்டி வைத்தனர். ஈட்டியதில் ஒரு பங்கை மகமையென ஒதுக்குதல் அவர்தம் மரபு. அப்பங்கு பெரும்பாலும் கோயில் திருப்பணிக்கும், வேதபாடசாலைக்கும், சத்திரத்திற்கும் சென்றது. 1929இல் சிதம்பரத்திலே சர்வகலாசாலை கண்ட அண்ணாமலைச் செட்டியார் அம்மரபைக் கல்வித் துறைக்குத் திருப்பியவருள் முதன்மையானவர். கோட்டையூரைப் பற்றிப் பேசுங்கால் இன்னொருவரையும் குறியாது செல்ல மனம் வரவில்லை. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா அவ்வூரிலேயே அமர்ந்து, பழைய தமிழ் அச்சு நூல்களையும் நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்புகளையும் கூட வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின்னர், அந்நூல்கள் சென்னைக்குக் கொணரப்பட்டு ஆராய்ச்சி நூலகமாயின. பெருஞ்செல்வமின்றியும் நூலகம் காண இயலும் என்பதற்கு அவரே சான்று. அது நிற்க.

அழகப்பர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று 1930இல் எம். ஏ. பட்டம் பெற்றார். தொழிலைப் பழகுதலே கல்வியெனக் கொண்டிருந்த வணிகர் குடியில் இது புதுமை. அவ்வாண்டுகளில் அதே கல்லூரியில் பௌதிகம் பயின்ற மற்றோர் இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்களின் முடிவைக் கணித்துப் பின்னாளில் 1983இல் நோபெல் பரிசு பெற்றவர். இவ்விருவர் பெயரும் இவ்வரலாற்றின் இறுதியில் மீண்டும் ஒருங்கு சேரும். அழகப்பர் இலண்டன் மாநகர் சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றதோடு, கிராய்டன் விமானத் திடலில் வானூர்தி ஓட்டவும் கற்றார். ஆயினும் வழக்கறிஞராய் அமராது தொழிலில் இறங்கினார். 1937இல் கொச்சி இராச்சியத்துப் புதுக்காட்டில் அவர் நிறுவிய நெசவாலையைச் சூழ்ந்த இடம் அழகப்பநகர் என்றே வழங்கலாயிற்று. கடல் கடந்த நாடுகளில் இரப்பர்த் தோட்டம், ஈயச் சுரங்கம், ஈண்டு காப்புறுதிக் கம்பெனி, ஜூபிட்டர் என்னும் பெயரில் ஒரு விமானக் கம்பெனி என அவர் கை வையாத துறை அரிது. ஆங்கில அரசு அளித்த சர் பட்டத்தை நாடு விடுதலை பெற்றபின் துறந்தார். இந்திய அரசு 1956இல் பத்மபூஷண் அளித்தது.

அவரது கொடைகளுள் தமிழ் மாணாக்கராகிய யாம் முதற்கண் நினைக்க வேண்டியது ஒன்றுண்டு. 1943இல் திருவிதாங்கூர்ச் சர்வகலாசாலையில் தமிழ்த்துறை அமைதற்பொருட்டு ஓர் இலட்சம் ரூபாய் வழங்கினார். பதிப்பாசிரியரும் பேரகராதி கண்டவருமாகிய வையாபுரிப் பிள்ளை, 1951 முதல் 1954 வரை அத்துறையிலேதான் பேராசிரியராய் வீற்றிருந்தார். மலையாள நாட்டில் ஆலை வைத்துப் பொருளீட்டியவர் அந்நாட்டுத் தலைநகரிலே தமிழுக்கு ஓர் இருக்கை இட்டது பொருத்தமே.

அடுத்த ஆண்டு, 1944இல், சென்னைச் சர்வகலாசாலைக்கு ஐந்து இலட்சம் ரூபாய் அளித்தார். அதனைக் கொண்டு கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று எழுந்தது. நெசவுத் தொழில்நுட்பமும் இரசாயனப் பொறியியலும் பின்னர்த் தோற்பதனிடும் கலையும் அங்கே கற்பிக்கப்பட்டன. எமதூராகிய காத்திவாக்கம், ஒரு புறம் கடலும் ஒரு புறம் எண்ணூர்க் கழியும் சூழ, வலைஞர் குப்பங்களும் ஆலைகளும் அருகருகே நிற்கும் ஊர். தெற்கே சிறிது தொலைவில் உள்ள மணலியில் 1969இல் எண்ணெய் சுத்திகரிப்பாலை இயங்கத் தொடங்கியபோது, இரசாயனப் பொறியியல் என்பது இருபத்தைந்து ஆண்டுகளாகச் சென்னையிலேயே கற்பிக்கப்பட்டு வந்த கலையாய் இருந்தது. பிற நாட்டாரை நோக்கிக் கையேந்தும் நிலையில் நம் நாடு அன்று முற்றும் இல்லை. ஆலை எழுமுன்னரே அதற்கு வேண்டும் அறிவை விதைத்து வைத்தல் அரிய முன்னோக்கு. கொடைமடம் என்னும் சொல் இக்கொடைக்குப் பொருந்தாது.

ஆனால் 1947இல் நிகழ்ந்ததற்கு அச்சொல் நன்கு பொருந்தும். சென்னைச் சர்வகலாசாலைத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார், பட்டினங்களை விடுத்து நாட்டுப்புறங்களிற் கல்லூரிகள் நிறுவச் செல்வர் முன்வர வேண்டுமென ஒரு கூட்டத்திற் கேட்டுக்கொண்டார். அழகப்பர் அவையிலேயே எழுந்து காரைக்குடியிற் கல்லூரி வைப்பதாக உறுதி கூறினார். இடம் பார்க்கவில்லை; கட்டடம் இல்லை; ஆசிரியர் இல்லை. எனினும் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், ஊரில் இருந்த ஒரு கட்டடத்திலேயே வகுப்புகள் தொடங்கி விட்டன! இதன்பின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952இற் பொறியியற் கல்லூரி, தொழிற்பள்ளி, உடற்பயிற்சிக் கல்லூரி, குழந்தைகளுக்கு மாண்டிசோரிப் பள்ளி என முட்புதர் நிறைந்த வெளியில் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் அமைந்தது இவ்வடித்தளத்தின் மேலேதான்.

இனி அவர் கொடைகளுட் பெரியதைக் கூறுவோம். விடுதலை பெற்ற இந்தியா தன் விஞ்ஞானத்துக்குத் தேசிய ஆய்வுக்கூடங்களை வரிசையாக நிறுவ முற்பட்டது. பௌதிகத்திற்குத் தில்லி, இரசாயனத்திற்குப் பூனா, உலோகத்திற்கு ஜம்ஷெட்பூர் எனப் பெருநகரும் பேராலையும் உள்ள இடங்கள் தேர்ந்து கொள்ளப்பட்டன. மின்இரசாயன ஆய்வுக்கூடம் மட்டும் காரைக்குடிக்கு வந்தது. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் முன்வந்து அளித்ததே அதற்குக் காரணம். 1948 ஜூலை 25ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள், பொங்கற் பருவத்தில், துணைக் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

மின்இரசாயனம் யாது பயன் தரும் எனின், காத்திவாக்கத்தார்க்கு விளக்குதல் எளிது. எம் ஊரிற் சன்னற் கம்பி நெடுநாள் நிலைப்பதில்லை. உப்புக் காற்றின் ஈரம் இரும்பின்மீது படிந்து, கண்ணுக்குப் புலனாகாத மின்னோட்டங்களை அதன் மேற்பரப்பிற் பிறப்பித்து, இரும்பைச் சிறிது சிறிதாய்த் துருவாக மாற்றி விடுகின்றது. கட்டுமரத்து ஆணி முதல் துறைமுகத்துப் பாரந்தூக்கி வரை இதற்குத் தப்புவது இல்லை. இத்துருவின் தன்மையையும் தடுக்கும் வகையையும் ஆராய்தல் காரைக்குடி ஆய்வுக்கூடத்தின் பெரும்பணிகளுள் ஒன்று. அதற்கெனக் கடலோரத்து மண்டபத்தில் உலோகத் துண்டுகளைக் காற்றிலும் அலையிலும் இட்டுப் பார்க்கும் நிலையம் ஒன்றும் உண்டு. உப்புநீரில் மின்னோட்டஞ் செலுத்திச் சோடாக்காரமும் குளோரினும் பிரித்தல், மின்கலம், உலோகப் பூச்சு முதலியனவும் அதன் ஆய்வுப் பொருள்களே. கடலைக் காணாத செம்மண் பூமியில் ஒருவர் ஈந்த நிலம், கடற்கரையில் வாழும் எம்மனோர் வீட்டுக் கம்பிக்கும் உறவாயிற்று.

ஈண்டு மேனாட்டு வள்ளல் ஒருவரோடு ஒப்பிட்டுக் காண்டல் பயனுடைத்து. ஆண்ட்ரூ கார்னெகி 1835இல் ஸ்காத்லாந்தில் நெசவாளி மகனாய்ப் பிறந்தார். 1848இற் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, பஞ்சாலையில் நூற்கண்டு மாற்றும் சிறுவனாய் வேலை செய்தார். அண்டர்சன் என்னும் படைத்தலைவர் தம் வீட்டு நூல்களைத் தொழிலாளர் சிறார்க்குத் திறந்து விட்டமையால் படிக்கும் பேறு பெற்றார். பின்னர் எஃகுத் தொழிலிற் பெருஞ்செல்வராகி, பிட்ஸ்பர்க் நகரில் 1895இல் நூலகமும் காட்சிச்சாலையும், 1900இல் தொழிற்கல்விச் சாலையும் கண்டார். உலகின் பல பகுதிகளில் அவர் பொருளால் எழுந்த நூலகங்கள் 2,509. ஆனால் அவர் கொடை முற்றும் கணக்குள்ளது. கட்டடம் தருவார், ஆண்டுதோறும் அதன் செலவிற் பத்தில் ஒரு பங்கை நூலக வளர்ச்சிக்கு ஒதுக்குவதாக அவ்வூரார் உறுதி கூறினாலன்றித் தாரார். முல்லைக்கு நீர் வார்ப்பவர் யாவர் என்று கேட்டு அறிந்த பின்னரே தேரை நிறுத்தியவர் அவர் எனலாம். இவ்வளவு கணக்கறிந்தவர் தம் ஆலைத் தொழிலாளர்பால் அவ்வறிவை அருளோடு காட்டினாரில்லை. 1892இல் ஹோம்ஸ்டெட் ஆலையிற் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் கிளர்ந்தபோது உயிர்கள் மாய்ந்தன. நாளெல்லாம் உலைமுன் நின்று வேகும் தொழிலாளிக்கு நூலகம் புகுந்து படிக்க ஓய்வு ஏது என்னும் வினா அக்கொடையின் மேல் நிழலாய்ப் படிந்தே நிற்கின்றது. இதனை மறைத்து அவரைப் புகழ்தல் முறையாகாது.

அழகப்பரிடத்தே இத்தகைய கணக்கு இல்லை. கிண்டிக் கல்லூரியைச் சர்வகலாசாலையிடத்தும், காரைக்குடி ஆய்வுக்கூடத்தை அரசினிடத்தும் ஒப்புவித்தமையால் அவ்விரண்டும் பிறர் கை நீரால் வளர்ந்தன. தம் கையை மட்டுமே நம்பி நிறுவிய ஒன்றுதான் இடருற்றது. அதன் வரலாறு கூறத்தக்கது.

கணிதமேதை இராமாநுசன் 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாய் அமர்ந்தவர். காத்திவாக்கத்தினின்று எம்மைக் கல்லூரிக்குக் கொணரும் புகைவண்டி, இராயபுரம் கடந்து, அத்துறைமுகத்தை ஒட்டியே செல்கின்றது. அவர் 1920இல் மறைந்து முப்பது ஆண்டுகளாகியும் அவர் பெயரால் நம் நகரில் ஓர் ஆராய்ச்சிச்சாலை இல்லை. இக்குறையை அழகப்பர் தீர்த்தார். 1950இல், இந்தியா குடியரசான நாளையொட்டி, வேப்பேரியில் கிருஷ்ண விலாஸ் என்னும் மாளிகையில் இராமாநுசன் கணித நிலையம் தோன்றியது. தொழிலுக்கோ ஆலைக்கோ நேரே பயன்படாத தூய கணிதத்திற்கு ஒரு வணிகர் மாதந்தோறும் சம்பளம் கொடுத்தார்! ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்ற விஜயராகவன் முதல் இயக்குநர். 1955இல் அவர் மறைந்தபின், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இருபது ஆண்டு ஆசிரியராயிருந்த இராஜகோபால் அப்பொறுப்பை ஏற்றார். ஆசிரியர் சிலரே, மாணாக்கரும் சிலரே, ஆயினும் ஆராய்ச்சி ஒழியாது நடந்தது.

இதற்கிடையில் அழகப்பர் நோயால் நலிந்தார். நிலையத்திற்கு மூலநிதியென ஒன்று தனியே வைக்கப்படாமையால், நிறுவியவர் கை தளர்ந்தவுடன் நிலையமும் தளர்ந்தது. 1957 ஏப்ரல் 5ஆம் நாள் அழகப்பர் காலமானார். நாற்பத்தெட்டு ஆண்டு நிறைய ஒரு நாளே எஞ்சியிருந்தது. கணித நிலையம் மூடப்படும் நிலையை எய்தியது. அப்பொழுது அமெரிக்காவிலிருந்த சந்திரசேகர், அழகப்பரோடு ஒரே கல்லூரியிற் பயின்றவர், நேருவுக்கு இதனை எடுத்துரைத்து உதவி வேண்டினார். அவ்வாண்டு மே மாதத்திலே சென்னைச் சர்வகலாசாலை அதனை ஏற்றுக்கொண்டது.

மூலநிதி வையாமை குறையே. அதனை மறுப்பாரோடு யாம் வழக்காட மாட்டோம். ஆயினும் நாற்பத்தேழு வயதிற்குள் முடிந்த ஒரு வாழ்க்கையை எண்ணுங்கால் எமக்கு வேறொன்று தோன்றுகின்றது. கார்னெகி தம் தொழிலை விற்றுக் கணக்கை முடித்து ஈகையே தொழிலாய் அமர்ந்தபோது அவர்க்கு வயது அறுபத்தைந்து. அதன்பின்னும் பதினெட்டு ஆண்டு வாழ்ந்தார். அழகப்பர் அவ்வயது வரை காத்திருந்தால் காரைக்குடியில் ஒரு செங்கல்லும் எழுந்திராது. கொடைமடத்தைப் புகழ்ந்த புலவர் வள்ளலின் வாழ்நாள் குறுகியதென்பதையும் எண்ணியே புகழ்ந்தனர் போலும்.

1967இல் சர்வகலாசாலையின் கணிதத்துறையும் இராமாநுசன் நிலையமும் ஒன்றாக இணைந்து உயர்கணித ஆராய்ச்சி மையமாயின. வேப்பேரி மாளிகையிற் சிலரோடு தொடங்கியது இப்பொழுது சேப்பாக்கத்தில் நடைபெறுகின்றது.