நிற்கக்கூட முடியாத நிலையில் பாடிய பாட்டு... ஃப்ரெடி மெர்க்குரியின் 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பின்னணி என்ன?

ஆபீஸில் எது சொதப்பினாலும் 'ஷோ மஸ்ட் கோ ஆன்' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அதே தலைப்பில் குயின் இசைக்குழு ஒரு பாட்டு போட்டது. அதைப் பாடியபோது ஃப்ரெடி மெர்க்குரிக்குத் தெரியும், தனக்கு அதிக நாள் இல்லை என்று.

யார் இந்த ஃப்ரெடி?

நிஜப் பெயர் ஃபரூக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5-ம் தேதி சான்சிபாரில், பார்சி குடும்பத்தில் பிறந்தவர். எட்டு வயதில் மகாராஷ்டிராவின் பஞ்ச்கனிக்கு போர்டிங் ஸ்கூல் வந்தார். ஃப்ரெடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும், 'தி ஹெக்டிக்ஸ்' என்ற முதல் பேண்டில் பியானோ வாசித்ததும் நம்ம ஊர் பஞ்ச்கனியில்தான்.

1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடிக்க, குடும்பம் இங்கிலாந்துக்குக் குடியேறியது. 1970-ல் பிரையன் மே, ரோஜர் டெய்லருடன் சேர்ந்து குயினை உருவாக்கினார். 1975-ல் 'பொஹீமியன் ராப்சடி', 1985-ல் வெம்ப்ளி லைவ் எய்ட் மேடை என உலகமே கொண்டாடியது.

மறைத்து வைத்த நோய்

1987-ல் அவருக்கு எச்.ஐ.வி தொற்று உறுதியானது. இன்று இருப்பதுபோல் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் அப்போது கிடையாது. நெருக்கமானவர்களுக்கு மட்டும் சொன்னார். மெலிந்துகொண்டே போன அவரைப் பத்திரிகை கேமராக்கள் துரத்தின. அவர் ஸ்டூடியோவுக்குள் போய் வேலையைத் தொடர்ந்தார்.

பாட்டு பிறந்த கதை

'இன்னுவெண்டோ' ஆல்பத்துக்காக 1990-ல் உருவான பாட்டு இது. குழுவில் நால்வர் பெயரும் இருந்தாலும், பெரும்பகுதியை எழுதியவர் பிரையன் மே. உள்ளே அழுதுகொண்டு, முகத்தில் மேக்கப் போட்டு, ஜனங்களைச் சிரிக்க வைக்கும் கோமாளிதான் கரு. அது யாரைப் பற்றியது என்று நால்வருக்குமே தெரியும்.

டெமோவில் உச்ச ஸ்தாயியைப் பொய்க்குரலில்தான் பாடி வைத்திருந்தார் மே. நிற்கவே சிரமப்படும் ஃப்ரெடியால் இதைப் பாட முடியுமா என்று அவருக்குச் சந்தேகம். ஃப்ரெடி கொஞ்சம் வோட்கா குடித்தார், போய்ப் பாடி முடித்தார். இது மே பின்னாளில் பகிர்ந்த விஷயம்.

41 நாள்

1991 அக்டோபர் 14-ல் சிங்கிளாக வெளியானது. புதிதாக நடிக்க ஃப்ரெடிக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை; பழைய காட்சிகளைக் கோத்தே வீடியோ தயாரானது. நவம்பர் 23-ல் எய்ட்ஸ் இருப்பதை அறிவித்தார். மறுநாள் இறந்தார். வயது 45. சிங்கிள் வெளியாகி 41-வது நாள் அது.

அவர் பெயரில் தொடங்கிய மெர்க்குரி ஃபீனிக்ஸ் டிரஸ்ட் இன்றும் எய்ட்ஸுக்கு எதிரான பணிகளுக்கு நிதி கொடுக்கிறது.

அப்போ பாட்டோட அர்த்தம்? லீவு கேட்டால் மேனேஜர் சொல்கிற 'ஷோ மஸ்ட் கோ ஆன்' இல்லை இது. ஃப்ரெடியை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மிச்சமிருக்கும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். அவருக்குப் பாட வேண்டியிருந்தது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க!