செருப்பில்லாத நீதிபதி

சென்னை உயர்நீதிமன்றத்துக்குள்ள ஒரு வெள்ளைப் பளிங்குச் சிலை இருக்கு. பெரிய மனுஷங்களைச் சிலையா வடிக்கும்போது பொதுவா அந்தஸ்தைக் காட்டுற மாதிரிதான் வடிப்பாங்க. இந்தச் சிலையில தலைப்பாகை இருக்கு, கம்பீரம் இருக்கு, ஆனா காலில் செருப்பு இல்லை! எங்க அடி அண்ணாமலை வழியா கிரிவலம் போறவங்க வெறுங்காலோட நடக்கிறதைத் தினமும் பார்க்கிறோம். ஆனா ஒரு நீதிபதி வெறுங்காலோட உட்கார்ந்திருக்கிறது அதிசயம்தானே? அவர்தான் சர் டி. முத்துசாமி ஐயர், சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி.

1832-ல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துட்டார். குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுட்டு, கிராமக் கணக்கரிடம் மாசம் ஒரு ரூபாய் சம்பளத்துக்கு வேலைக்குப் போனார்.

அவர் வாழ்க்கை மாறினதுக்கு ஒரு கதை சொல்வாங்க. ஆற்றங்கரை உடைஞ்சிடுச்சுன்னு தாசில்தார் முத்துசாமி நாயக்கருக்குத் தகவல் வந்தது. போய்ப் பார்த்துட்டு வர வேற ஆள் இல்லாததால இந்தப் பையனை அனுப்பினார். பையன் எல்லா விவரத்தையும் விசாரிச்சு, துல்லியமா வந்து சொன்னான். தாசில்தாருக்குச் சந்தேகம். பிறகு வேறொருவர் போய்ப் பார்த்தபோது பையன் சொன்னது அத்தனையும் சரி. நம்ம பாஷையில சொன்னா, பக்காவான சைட் ரிப்போர்ட்!

அந்தத் தாசில்தாரே அவரை நாகப்பட்டினம் மிஷன் பள்ளியிலும், பிறகு சென்னையிலும் படிக்க வெச்சார். சென்னையில் ஒரு ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் ஜெயிச்சு 500 ரூபாய் பரிசு வாங்கினார். மாசம் ஒரு ரூபாய் சம்பாதிச்ச பையனுக்கு அது எவ்வளவு பெரிய தொகைன்னு யோசிச்சுப் பாருங்க. அப்புறம் முன்சீஃப், டெபுடி கலெக்டர், போலீஸ் மாஜிஸ்திரேட்னு படிப்படியா மேலே வந்தார். வேலை பார்த்துக்கிட்டே சட்டப் பட்டமும் வாங்கினார்.

1878-ல் பெரிய எதிர்ப்பு வந்தது. ஒரு இந்தியர் உயர்நீதிமன்ற நீதிபதியா உட்காரலாமான்னு ஆங்கிலேயர்களின் பத்திரிகைகள் கடுமையா எழுதின. பதில் சொல்ல நம்மவர்களுக்குன்னு வலுவான பத்திரிகை இல்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார், நாலு சட்ட மாணவர்கள் என ஆறு இளைஞர்கள் சேர்ந்து, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடிச்சாங்க. அதுதான் 'தி ஹிண்டு'. ஆமாம், அந்தப் பத்திரிகை பிறந்ததே இவர் நியமனத்துக்கு ஆதரவாத்தான்! அதைத் தொடங்கினவங்கள்ல பாதிக்கு மேல நம்மளை மாதிரி மாணவர்கள்.

1893-ல் மூணு மாசம் தற்காலிகத் தலைமை நீதிபதியாவும் இருந்தார். 'சர்' பட்டமும் அதே வருஷம்தான். 1895-ல் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது. அவர் வழியா திறந்த கதவு எல்லாருக்கும் உடனே திறக்கலை. பட்டியல் சமூகத்திலிருந்து ஏ. வரதராஜன் அதே உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக 1973 வரைக்கும் ஆச்சு.

முத்துசாமி ஐயருக்குத் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது. ஆனா ஒரு தாசில்தார் கவனிக்காம விட்டிருந்தா, அவர் அந்த ஒரு ரூபாய் வேலையிலேயே முடிஞ்சிருப்பார். நாளைக்கு நாமும் ஏதாவது ஒரு ஆபீஸ்ல மேலே இருப்போம். அப்போ நமக்குக் கீழே வேலை செய்யுற பையன் கொண்டு வர ரிப்போர்ட்டைக் கொஞ்சம் கவனிச்சுப் படிப்போம், நண்பர்களே!